சூப்பர்ஹீரோ படத்தொடருக்குப் பற்று வரவு எழுதுவது எப்படி

2008-ல் மார்வெல் படத்தொடரின் முதல் படமான ‘அயர்ன் மேன்’ முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே நானும் தம்பியும் எழுந்து வந்துவிட்டோம். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. “அக்கா, லைட் போட்டாச்சு, வா” என்று கையைப் பிடித்து இழுத்தான். உளவுத் தலைவன் நிக் ஃப்யூரி இருட்டில் நின்று அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ அணியின் பெயரை உச்சரித்தது அந்தப் பெயர்களெல்லாம் ஓடி முடிந்த பிறகு. அடுத்த பதினொரு வருடக் கதைக்கான விதையே அதுதான் என்பது எங்களுக்கு மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரிந்தது. விதை போட்ட இடத்தில் நாங்கள் இல்லை.

நான் கணக்கெழுதிப் பிழைப்பவள். 2012-ல் ‘தி அவெஞ்சர்ஸ்’ பார்த்தபோது உஷாராகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம். ஊதா முகத்துடன் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “யாருக்கா இது?” என்றான் தம்பி. எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதினேன்: “ஊதா முகம். சிரித்தான். பாக்கி.” அன்று தொடங்கிய நோட்டு இன்று மூன்றாவது நோட்டாகியிருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள், அதுபோக வெப் தொடர்கள் என்று நீளும் ஒரு கதையைக் கண்மூடி நம்பாமலும், வாய் கசந்து திட்டிக்கொண்டே பார்க்காமலும் இருப்பதற்கு எனக்கு உதவியது இந்த நோட்டுதான். நீங்களும் வைத்துக்கொள்ளலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், யார் கடன்காரர் என்பது

இந்தப் படத்தொடர் பிறந்ததே அடகில். 2005-ல் மார்வெல் தானே படம் எடுக்க முடிவுசெய்து, மெரில் லிஞ்ச் வழியாக 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தது. ஈடாக வைத்தது நிலத்தையோ கட்டடத்தையோ அல்ல, பத்துப் பாத்திரங்களின் திரைப்பட உரிமையை. கேப்டன் அமெரிக்கா, பிளாக் பாந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஆன்ட்-மேன் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஸ்பைடர்-மேனும் எக்ஸ்-மென்னும் அதற்கு முன்பே வேறு நிறுவனங்களின் கைக்குப் போயிருந்தார்கள். 1996-ல் திவால் மனு போட்ட நிறுவனம் அது. கைவசம் மிச்சமிருந்ததைத்தான் அடகு வைக்க முடிந்தது.

அந்தக் கடனை அவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். ஆனால் கடன் வாங்கும் பழக்கம் விடவில்லை, ஆள்தான் மாறியது. இப்போது கொடுப்பது நாம். “அடுத்த படத்தில் சொல்கிறோம்” என்று சொல்லும் ஒவ்வொரு காட்சியும் நம்மிடம் வாங்கும் கைமாற்று. அதனால் நோட்டில் இடது பக்கம் பற்று: படம் நம்மிடம் வாங்கிக்கொண்டது. வலது பக்கம் வரவு: திருப்பிக் கொடுத்தது. படம் பிடித்ததா இல்லையா என்பது இந்தப் பக்கங்களில் வரக் கூடாது. அதற்குப் பின்பக்கத்தில் தனி இடம் வையுங்கள். இரண்டையும் கலந்தால் நோட்டு ஒரே மாதத்தில் நாட்குறிப்பாகிவிடும். என் முதல் நோட்டில் எட்டுப் பக்கங்கள் அப்படிப் பாழானவை. தோரின் தலைமுடியைப் பற்றி மட்டுமே ஒரு பக்கம்.

பேனாவும் பென்சிலும் இரண்டும் வேண்டும். வாங்கியதைப் பென்சிலில் எழுதுங்கள், தந்ததைப் பேனாவில். படம் பார்த்த இரவே, யாருடைய விமர்சனத்தையும் படிக்கும் முன்னால் எழுதிவிட வேண்டும்.

போஸ்ட் கிரெடிட் காட்சிகளை எழுதும் முறை

பெயர்கள் ஓடும்போதோ ஓடி முடிந்த பிறகோ வரும் குட்டிக் காட்சிகள் இவை. நோட்டின் பெரும்பகுதி இதுதான். பெயர், வருடம், என்ன சொன்னார்கள். பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்.

எத்தனை வருடம் பொறுப்பது என்று தம்பி கேட்டான். முதலில் ஆறு என்று வைத்தேன். அந்த ஊதா முகக்காரன், வில்லன் தானோஸ், 2012-ல் முகம் காட்டி, முழுப் படமாக 2018-ல் ‘இன்ஃபினிட்டி வார்’-இல்தான் வந்து சேர்ந்தான். ஆறு வருடம். அதற்கு நான் பொறுத்தேன், யாரும் குறை சொல்லவில்லை. பிறகுதான் ஏன் பொறுத்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். நடுவில் அவர்கள் வட்டி கட்டிக்கொண்டே இருந்தார்கள். 2014-ல் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’-இல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து அதட்டினான். 2015-ல் ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ முடிவில் கையுறையை மாட்டிக்கொண்டு, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். அசல் வரவில்லை, ஆனால் கடன் ஞாபகம் இருக்கிறது என்று அவ்வப்போது காட்டினார்கள். தகுதி உள்ளவர் மட்டுமே தூக்க முடிகிற தோரின் சுத்தியலும் அப்படித்தான். 2015-ல் கேப்டன் அமெரிக்கா பிடித்து இழுத்தபோது அது லேசாக அசைந்ததற்கு, 2019-ல் ‘எண்ட்கேம்’ அசலும் வட்டியுமாகத் தந்தது. அந்தக் காட்சியில் தம்பி என் தோளில் குத்திய குத்து மூன்று நாள் வலித்தது.

ஆகவே வருடத்தை எண்ணாதீர்கள், வட்டி வருகிறதா என்று பாருங்கள். இதுதான் நான் கண்ட ஒரே நல்ல அளவுகோல்.

இந்த அளவுகோலை 2021, 2022 பக்கங்களில் வைத்தால் நிலைமை சட்டென்று விளங்கும். ‘எடர்னல்ஸ்’ முடிவில் ஹாரி ஸ்டைல்ஸ், தானோஸின் தம்பி ஈராஸாக வந்து நின்றார். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் படத்தின் முடிவில் சார்லீஸ் தெரோன் க்ளியாவாக வந்து ஸ்ட்ரேஞ்சை வேறொரு பரிமாணத்துக்குக் கூட்டிப்போனார். ‘தோர்: லவ் அண்ட் தண்டர்’ முடிவில் ஹெர்குலிஸ். மூன்று பெயர், மூன்று பென்சில் வரி. பக்கத்துக் கட்டங்களில் வருடக்கணக்காக ஒரு பைசா வட்டி விழவில்லை. அதைவிட வேடிக்கை, அதே ‘எடர்னல்ஸ்’-இல் இந்தியப் பெருங்கடலில் மலைபோல ஒரு கல் உருவம் பாதி எழுந்து நின்றுவிடுகிறது. மூன்று வருடத்துக்கு மேல் அடுத்தடுத்து வந்த படங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கடலில் ஒரு மலை முளைத்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை! 2025-ல் ‘கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்’தான் அதை எடுத்துப் பேசியது.

வட்டி வராத கடனை என்ன செய்வது? எங்கள் தொழிலில் வாராக்கடன் என்று ஒரு தலைப்பு உண்டு. இரண்டு வருடம் ஒரு முணுமுணுப்பும் இல்லையென்றால் அங்கே தள்ளிவிடுங்கள். அழிக்காதீர்கள், தள்ளி வையுங்கள். ஏனென்றால் சில கிழட்டுக் கடன்கள் எழுந்து வரும். 2008-ல் ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க்’-இல் சாமுவேல் ஸ்டெர்ன்ஸ் என்ற விஞ்ஞானியின் நெற்றியில் ஹல்க்கின் ரத்தம் சொட்டி, மண்டை வீங்க ஆரம்பிக்கும். அதே நடிகர் டிம் பிளேக் நெல்சன், அதே பாத்திரமாகத் திரும்பி வந்தது 2025-ல். பதினேழு வருடம்! நான் அதை எப்போதோ தள்ளுபடி செய்திருந்தேன். ‘அயர்ன் மேன்’-இல் வந்த பத்து மோதிரக் கூட்டத்தின் நிஜத் தலைவன் முகம் காட்டியது 2021-ல், ‘ஷாங்-சி’-இல். நடுவில் 2013-ல் ஒரு போலித் தலைவனைக் காட்டி ரசிகர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டார்கள். நான் அந்தப் போலியை ரசித்த பாதி. தம்பி இன்னும் மன்னிக்காத பாதி.

தள்ளுபடி செய்த கடன் வசூலானால் அதை எதிர்பாராத வருமானமாக எழுதிக்கொள்ளுங்கள். வராவிட்டால் நஷ்டம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, தூக்கம் கெடாது.

அறிவிப்புகளுக்குத் தனிப் பக்கம்

மேடையில் சொன்னதும் படத்தில் சொன்னதும் ஒன்றல்ல. படத்தில் வந்தது கைமாற்று. மேடையில் வருவது வெறும் வாய்ப்பேச்சு, கணக்கில் ஏறாது. ஆனாலும் குறித்து வையுங்கள், ஆளைப் புரிந்துகொள்ள உதவும்.

என்னிடம் எதிரெதிராக இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று 2014 அக்டோபர் 28. அன்று மேடையில் மார்வெல் ஸ்டூடியோவின் தலைவர் கெவின் ஃபைகி ஒன்பது படங்களை அறிவித்தார். அதில் ஒன்றை முதலில் ‘சர்ப்பென்ட் சொசைட்டி’ என்று சொல்லி ஏமாற்றிவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டே ‘சிவில் வார்’ என்று மாற்றினார். ஒன்பதில் எட்டு வந்தன. தேதிகள் முன்னே பின்னே நகர்ந்தன, பெயர்கள் சுருங்கின, ஆனால் வந்தன. ‘இன்ஹ்யூமன்ஸ்’ மட்டும் படமாகவில்லை, 2017-ல் தொலைக்காட்சித் தொடராகக் கரைந்துபோனது.

மற்றொன்று 2022 ஜூலை, சான் டியேகோ காமிக்-கான் என்ற ரசிகர் மாநாடு. ‘ஆன்ட்-மேன்’ மூன்றாம் படத்திலிருந்து ‘சீக்ரெட் வார்ஸ்’ வரை எண்ணினால் அங்கும் ஒன்பது. சொன்ன தேதியில் வந்தவை இரண்டு. ‘பிளேடு’ தேதி மேல் தேதி மாறி, 2024-ல் பட்டியலைவிட்டே போனது. அந்தப் படத்துக்கான நடிகரை அறிவித்தது 2019-ல். காங் என்ற வில்லனை மையமாக வைத்த அவெஞ்சர்ஸ் படம் வேறு படமாகவே மாறிவிட்டது. 2023-ல் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள், காங்காக நடித்தவர் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பாகி விலக்கப்பட்டார். எல்லாம் அவர்கள் கையில் இருந்ததல்ல. அதையும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஆனால் இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த இரவில்தான் மேடைப் பேச்சைக் கேட்டு நாட்காட்டியில் வட்டம் போடுவதை நிறுத்தினேன்.

2025 மார்ச்சில் ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’-க்காக வரிசையாக நாற்காலிகளைக் காட்டி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நடிகர் பெயர் என்று ஐந்து மணி நேரத்துக்கு மேல் நேரலை ஓட்டினார்கள். நான் பார்த்தேன். முழுக்கப் பார்த்தேன். நோட்டில் எழுதியது ஒரே சொல்: நாற்காலி.

டிரெய்லர்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லர் பொய் சொல்லும், அதைக் கடன் பக்கத்தில் எழுத வேண்டாம். ‘இன்ஃபினிட்டி வார்’ டிரெய்லரில் ஹல்க் மற்றவர்களோடு பிளாக் பாந்தரின் நாடான வகாண்டாவில் ஓடி வருவான், படத்தில் அந்தச் சண்டைக்கு ஹல்க் வரவே மாட்டான். ‘தோர்: ராக்னராக்’ டிரெய்லரில் தோருக்கு இரண்டு கண்ணும் இருக்கும், படத்தில் அதே காட்சியில் ஒரு கண் போயிருக்கும். கதையைக் காப்பாற்றச் சொன்ன பொய்கள் அவை, தியேட்டரில் நமக்கே லாபமாகத் திரும்பின. வேறு வகை ஒன்று உண்டு: நல்ல மூன்று நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து மொத்தமும் அப்படித்தான் என்று காட்டுவது. அதற்கு மருந்து, ஒரே ஒரு டிரெய்லரோடு நிறுத்திக்கொள்வது.

கணக்கு மாற்றி எழுதும் தவறு

இதை நான் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள்.

‘எண்ட்கேம்’ வந்த 2019-ல் என் நோட்டில் அநேகமாக எல்லாக் கட்டமும் பேனாவில் நிரம்பியிருந்தது. அந்தப் படம் உலகம் முழுக்க கிட்டத்தட்ட 280 கோடி டாலர் வசூலித்தது, அதில் எங்கள் பங்கு இரண்டு முறை இரண்டு டிக்கெட். பாக்கியில்லாத நோட்டு என்பது ஆபத்து. கேட்கும் முன்பே கொடுக்கத் தோன்றும். 2021 ஜனவரி தொடங்கி 2022 முடிவதற்குள் ஏழு படம், எட்டுத் தொடர், இரண்டு சிறப்புப் படம் என்று கொட்டினார்கள். முதல் ஆறு படங்களுக்கு நான்கு வருடம் எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள். நான் ஒன்று விடாமல் பார்த்தேன். பிடித்துப் பார்த்தவை பாதி, விட்டால் அடுத்தது புரியாதோ என்ற பயத்தில் பார்த்தவை மீதி. 2023-ல் ஒரு படத்தின் உச்சக்கட்டச் சண்டையில் தம்பி தூங்கிவிட்டான், எந்தப் படம் என்று சொல்ல மாட்டேன். வெளியே வந்ததும், “இனிமே நீ மட்டும் போக்கா, எனக்கு முடிஞ்சுபோச்சு” என்றான்.

அந்தக் கோபத்தில் அதே வருடம் நவம்பரில் வந்த ‘தி மார்வெல்ஸ்’ படத்துக்கு நான் போகவில்லை. 2008-க்குப் பிறகு தியேட்டரில் தவறவிட்ட முதல் படம். என்னைப் போலவே பலரும் நினைத்திருக்க வேண்டும். 20 கோடி டாலரைச் சற்றே தாண்டி நின்றது, இந்தத் தொடரிலேயே ஆகக் குறைந்த வசூல். பிறகு ஒருநாள் வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம், தொடரிலேயே குட்டிப் படம். நாயகிகளில் ஒருத்தியான கமலா கான் தன் குடும்பத்தோடு வரும் காட்சிகளில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். ஓட்டைகள் இருக்கின்றன, வில்லி நினைவிலேயே நிற்கவில்லை. ஆனால் நான் புறக்கணித்த அன்று எனக்கு எந்தப் பாக்கியும் வைத்திராத படம் அது. வேறு படங்கள் வைத்த பாக்கியை இந்தப் படத்தின் கணக்கில் எழுதி, வாசலிலேயே நிறுத்தி வசூல் செய்திருக்கிறேன். வேலையில் இப்படிச் செய்திருந்தால் என்னை யார் வைத்திருப்பார்கள்?

அன்றுதான் நோட்டைப் பிரித்தேன். நிறுவனத்துக்கு ஒரு பேரேடு, ஆட்களுக்குத் தனிப் பேரேடு. 2023-ல் அதே நிறுவனத்திலிருந்து வந்ததுதான் ‘கார்டியன்ஸ்’ மூன்றாம் படமும். ஜேம்ஸ் கன் 2014-ல் தொடங்கியதை 2023-ல் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார், நடுவில் அவரை வேலையைவிட்டு நீக்கித் திரும்ப அழைத்ததையும் தாண்டி. ராக்கெட் என்ற பேசும் ரக்கூனின் கடந்த காலம் என்ற பாக்கி முதல் படத்திலிருந்து நின்றது, முழுதாகத் தீர்ந்தது. அவர் இப்போது எதிர்முகாமில் டி.சி. படங்களுக்குத் தலைமை. என் நோட்டில் அவர் பக்கம் அவரோடு சேர்ந்து அங்கே போய்விட்டது. விசுவாசம் லோகோவுக்கு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இயக்குநர், எழுத்தாளர், குறிப்பிட்ட நடிகர் என்று பக்கம் பிரித்தால், மொத்தமாக வெறுத்துப்போகிற நாளில்கூட இரண்டு மூன்று பக்கங்கள் நிமிர்ந்து நிற்கும்.

மொத்தத் தொடரையும் விட்டுவிடலாமா என்று தோன்றும்போது இப்போது நான் செய்வது இதுதான்: ரொக்கத்துக்கு மாறிவிடுவேன். அடுத்த படம் என்ன என்று கேட்க மாட்டேன். இந்தப் படம், இந்த இரண்டு மணி நேரத்துக்குள் தன்னளவில் முடிகிறதா என்று மட்டும் பார்ப்பேன். முன்பாடம் படிக்காமல் போவேன். ஒரு தொடரைப் பார்க்காததால் ஒரு படம் புரியாமல் போனால், குறை என்னுடையதல்ல என்று எழுதிக்கொள்வேன். அவர்களும் அளவைக் குறைத்துவிட்டார்கள், வருடத்துக்கு இரண்டு படம், மிஞ்சினால் மூன்று என்று மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னிக்கு அப்போது தலைவராக இருந்த பாப் ஐகரே 2024-ல் சொன்னார். 2024-ல் இந்தக் கதைவரிசையில் படம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அந்த வருடம் என் நோட்டில் இரண்டே வரி. நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஜாமீன்

கடைசி ஏற்பாடு. உங்களைப் போலவே ஏமாந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் கொண்டாடுகிறவர் உதவ மாட்டார், எப்போதும் திட்டுகிறவரும் உதவ மாட்டார். ஒருகாலத்தில் தோளில் குத்தியவராகவும் பிறகு தூங்கியவராகவும் இருப்பவர்தான் சரியான ஆள்.

2025 மே மாதம் ‘தண்டர்போல்ட்ஸ்’ வந்தபோது எனக்குப் போக மனமில்லை. பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள், இன்னொரு கைமாற்றுக்கு அடிபோடுகிறார்கள் என்று நினைத்தேன். முடிந்துபோச்சு என்று சொன்ன தம்பி, யாரோ நண்பன் இழுத்ததால் போய்வந்து இரவு பதினொன்றரைக்குப் போன் செய்தான். “அக்கா, நாளைக்கே போய்ப் பாரு. நான் ஜாமீன்.” போனேன். மன இருட்டில் விழுந்த ஒருவனை அடித்து வீழ்த்தாமல் கட்டிப்பிடித்து மீட்கிற உச்சக்கட்டம். நட்சத்திரக் குறிக்கும் அதே படத்தின் முடிவிலேயே பதில் கொடுத்துவிட்டார்கள், ரொக்கமாக. வெளியே வந்து அவனுக்கு வேறெதுவும் சொல்லத் தோன்றாமல் பேனாவின் படத்தை மட்டும் அனுப்பினேன்.

‘டூம்ஸ்டே’க்கு 2026 டிசம்பர் 18 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அயர்ன் மேனாக நடித்த அதே ராபர்ட் டவுனி ஜூனியர், இந்த முறை டாக்டர் டூம் என்ற வில்லன். இருப்பதிலேயே விலை உயர்ந்த முகத்தை எடுத்து மறுபடி அடகு வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நோட்டில் அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு எழுதிவிட்டு, தம்பியிடம் இதற்கு ஜாமீன் போடுவாயா என்று கேட்டேன்.

“இதுக்கெல்லாம் நான் ஜாமீன் போட மாட்டேன்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “முத நாள் முத ஷோ ரெண்டு டிக்கெட் மட்டும் போட்டு வெச்சிடுறேன்.”